திகில் முன்னோட்டமும் மண்சரிவு எச்சரிக்கையும்

ஆசிரியர் அவர்கட்கு,

தேயிலைத் தோட்டங்கள் கைவிடப்பட்டு, எஞ்சியோர் தொழிலாளர் வரிசை வீடுகளான லயன் அறைகளில் ஒளிந்து வாழும் இருண்ட எதிர்காலத்தைக் கற்பனை செய்து, எமது பகுதி மாணவர் குழுவொன்று திகில் திரைப்பட முன்னோட்டமொன்றைத் தயாரித்து வருவது பெருமகிழ்ச்சி தருகிறது. ஆளற்ற, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு மட்டும் மெல்ல அசையும் காட்சி ஒன்றே அவர்களது திறமைக்குச் சான்று.

ஆயினும், விளம்பரத்துக்காக, மக்களை உடனே வெளியேறச் சொல்லும் மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கையைப் போன்ற குரல்பதிவொன்றை, படத்தின் பெயரைக் கூறாமலேயே வட்ஸ்அப்பில் பரப்ப அவர்கள் திட்டமிட்டிருப்பதை ஏற்க இயலாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை நம்பியே, அடைமழையிலும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் வெளியேறுகின்றனர். ஒருமுறை ஏமாந்தவர்கள் அடுத்தமுறை தயங்கினால் உயிரே போகும்.

குரல்பதிவைக் கைவிட்டு, பஸ் தரிப்பிடங்களில் சுவரொட்டி ஒட்டி, தோட்டச் சனசமூக நிலையங்களில் முன்னோட்டத்தைத் திரையிடுமாறு மாணவர்களை அன்புடன் வேண்டுகிறேன். மண்டபத்தையும் ஒலிபெருக்கியையும் இலவசமாக வழங்கத் தோட்டத் தலைவர்மார் முன்வர வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்