முட்டையை முதலிலேயே காட்டிவிட்டால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மாதச் சிறுவர் இதழில் 'ஹம்ப்டி டம்ப்டி' ஆங்கிலப் பாட்டை முழுப்பக்க வண்ண ஓவியத்தோடு போட்டிருக்கிறீர்கள். ஓவியத்தைக் குறை சொல்ல மாட்டேன். செங்கல் சுவரும், உடைந்த முட்டையோட்டை முகர்ந்து பார்க்கும் குதிரையும் பிரமாதம். என் பேத்தி அந்தக் குதிரையைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தப் பக்கத்தில் முட்டைக்கு என்ன வேலை?

பாட்டை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ஹம்ப்டி டம்ப்டி சுவரில் உட்கார்ந்தான், விழுந்தான், ராஜாவின் குதிரைகளும் ஆட்களும் சேர்ந்தும் அவனை ஒட்டவைக்க முடியவில்லை. நாலு வரியில் முட்டை என்ற பேச்சே கிடையாது. ஏனென்றால் அது விடுகதை. கீழே விழுந்து உடைந்தால் ஒரு படையே திரண்டு வந்தாலும் சேர்க்க முடியாதது எது? குழந்தை கொஞ்சம் முழித்து, அப்புறம் "முட்டை!" என்று கத்த வேண்டிய இடம் அது. நீங்களோ கோட்டும் டையும் மாட்டிய முட்டையைப் பாட்டுக்கு மேலேயே உட்கார வைத்துவிட்டீர்கள். உங்கள் விடுகதைப் பக்கத்தில் மட்டும் விடைகளைக் கடைசியில் தலைகீழாக அச்சிடுகிறீர்களே!

அச்சில் கிடைப்பவற்றில் மிகப் பழைய வடிவம், இங்கிலாந்து இசையமைப்பாளர் சாமுவேல் ஆர்னால்ட் 1797-இல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. அதில் ராஜாவும் இல்லை, குதிரையும் இல்லை. எண்பது பேரும் இன்னும் எண்பது பேரும் வந்து தோற்றுப்போகிறார்கள். 1810-இல் வந்த வேறொரு தொகுப்பில் அது அறுபதும் அறுபதுமாகக் குறைந்துவிட்டது. ஆள்கணக்கு எப்படி மாறினாலும் கேள்வி அதேதான். ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும்கூட இதே விடுகதை வேறு பெயர்களில் வழங்கியிருக்கிறது.

முட்டை உருவம் ஊரறிந்ததாக ஆனதில் ஜான் டென்னியலுக்குப் பெரிய பங்கு உண்டு. லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் கதைக்கு, 1871-இல், அவர் வரைந்த படத்தின் சாயல்தான் உங்கள் ஓவியத்திலும் தெரிகிறது. சரி, கரோல் செய்யலாம், நான் செய்யக்கூடாதா என்று உங்கள் ஓவியர் கேட்கலாம். கரோல் அதில் தனியாக ஒரு விளையாட்டே ஆடியிருக்கிறார். முட்டை மாதிரியே இருப்பதாகச் சொன்ன ஆலிஸிடம் ஹம்ப்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் கட்டியிருப்பது டையா இடுப்புப் பெல்ட்டா, எது கழுத்து, எது இடுப்பு என்று தெரியாமல் அவள் திண்டாடுகிறாள். ஏற்கெனவே விடை தெரிந்தவர்களுக்கான வேடிக்கை இது. பாட்டை முதல் தடவை கேட்கிற குழந்தைக்கு இந்த வேடிக்கை எதற்கு?

பக்கத்தின் ஓரத்தில் 'தெரியுமா?' என்று ஒரு கட்டமும் போட்டிருக்கிறீர்கள். 1648-இல் இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகர முற்றுகையில் உடைந்து விழுந்த பீரங்கிதான் ஹம்ப்டியாம். அந்த முற்றுகை நடந்தது உண்மை. பாட்டுக்கும் அதற்கும் தொடர்பு என்பதற்கு ஆதாரம் கிடையாது. 1956-இல் ஒரு பேராசிரியர், ஹம்ப்டி என்பது 1643-இல் குளோஸ்டர் நகரை முற்றுகையிட்டபோது கொண்டுவந்த ஒரு போர்க் கருவி என்றார். ஹம்ப்டி இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டே என்போரும் உண்டு. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் நல்லது.

குறை மட்டும் சொல்லி நிறுத்த மனமில்லை. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட விடுகதைப் பாட்டுகள் நிறைய. வெள்ளைப் பாவாடையும் சிவப்பு மூக்குமாக ஒருத்தி, நிற்க நிற்கக் குட்டையாகிறாள்: மெழுகுவர்த்தி. செம்மலை மேல் முப்பது வெள்ளைக் குதிரைகள்: பற்கள். இவற்றை ஒரு தொடராகவே போடுங்கள். ஓவியர் பாவாடைக்காரியையும் குதிரைகளையும் மட்டும் வரையட்டும், விடை அடுத்த பக்கத்துக்குப் போகட்டும்.

செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊருக்குப் போகிறவன் சொல்லும் விடுகதைப் பாட்டை எடுத்தால் மட்டும் ஓவியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வழியில் எதிர்ப்படுகிறவனுக்கு ஏழு மனைவிகள், ஒவ்வொருத்தியிடமும் ஏழு சாக்குகள், சாக்குக்கு ஏழு பூனைகள், பூனைக்கு ஏழு குட்டிகள். குட்டிகள் மட்டும் 2,401 வரும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்