குளக்கட்டுப் பிள்ளையார் திருப்பணி நிறைவு: கேணியும் குளமும்

அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஊரில் இருப்பவர்களுக்குப் பாதிக் கதை தெரியும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

வன்னியில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழுகிற மழைதான் முழு வருடத்துக்கும் சோறு. 2016 மாரி பொய்த்தது, 2017 வைகாசிக்குள் கிணறுகளில் அடி தெரிந்தது, தண்ணீர்ப் பவுசர் (தாங்கி லொறி) வருகிற நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் கானோடு வரிசையில் நின்றார்கள். வசந்த மண்டபத்துக்கென்று சேர்த்த காசு கையில் இருந்தது. மண்டபம் பிறகு கட்டலாம், பிள்ளையார் காவல் இருக்கிற குளத்தை முதலில் பார்ப்போம் என்று பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். மனவருத்தப்பட்டவர்களும் உண்டு, அவர்களிடம் வீட்டுக்குப் போய்ச் சொன்ன பிறகுதான் காசைத் தொட்டோம்.

குளம் வற்றிக் கிடக்கிற நேரம்தான் தூர்வாருகிற நேரம். எங்களுடையது 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்கிற சின்னக் குளம் என்பதால் அப்படிப்பட்ட குளங்களைப் பார்க்கிற கமநல சேவை நிலையத்தில் அனுமதி எடுத்தோம். பெக்கோ (மண் தோண்டுகிற இயந்திரம்) தருகிறேன் என்ற ஒப்பந்தக்காரர் முற்பணம் வாங்கி மூன்று கிழமை இழுத்தடித்தார், வேறு ஆளைப் பிடித்தோம். முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது, அதை அப்படியே கணக்கில் காட்டியிருக்கிறோம்.

இன்னும் ஆழமாகத் தோண்டுங்கோ என்று பலர் கேட்டார்கள். நாங்கள் உடன்படவில்லை, ஏனென்றால் அடியில் இருக்கிற களிப்படை உடைந்தால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிவிடும், துருசின் (குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடுகிற மதகின்) அடிமட்டத்துக்குக் கீழே தேங்குகிற தண்ணீர் மாட்டுக்கு உதவுமே தவிர வாய்க்காலில் ஏறாது. கட்டுக்குக் கிட்டவும் பெக்கோவை விடவில்லை. அள்ளிய வண்டலைச் செங்கல் சூளைக்குக் கேட்டு வந்தார்கள், நல்ல விலையும் சொன்னார்கள், கொடுக்கவில்லை. அது வயல்களிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்த மேல்மண், வயல்களுக்கே போய்விட்டது.

துருசுதான் எங்களுக்குப் பெரிய பாடம். பலகை உக்கி, இடுக்கில் சாக்கும் தேங்காய்த் தும்பும் திணித்து, அதற்குள்ளாலும் இரவு பகலாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்க ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல் வேண்டும், 5,000 லீற்றர் பவுசர் என்றால் இருபது தடவை! அப்படிப்பட்ட தண்ணீரை இத்தனை வருடமும் ஒழுகவிட்டிருக்கிறோம். இப்போது இரும்புக் கதவு, அதன் திறப்பு (சாவி) கமக்காரர் அமைப்பிடம்.

கோயில் கேணியை ஆட்களே இறங்கி வாரினார்கள். சேறு போகப் போக ஒவ்வொரு படியாக வெளியே வந்தது, ஏழாவது படிக்குக் கீழே மூலையில் ஊற்று கசிந்தது. கரையில் நின்ற ஆச்சி ஒருவர் இறங்கி வந்து, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, "நல்ல தண்ணி, உவரில்லை" என்று சொன்ன பிறகுதான் எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

அப்புறம், கோயிலில் கால் கழுவுகிற தண்ணீர் இனி நந்தவன வாழைகளுக்குப் போகும். சிறுபோகத்தில் (கோடைச் செய்கையில்) குளத்துக்குக் கிட்டவுள்ள வயல்களை மட்டும் விதைத்து எல்லாருக்கும் பங்கிடுகிற பழைய முறைக்கு (சிங்களக் கிராமங்களில் பெத்ம என்பார்கள்) கமக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். நெல் என்றால் 80 நாளில் விளைகிற பிஜி 250, மேட்டுக் காணிகளில் உழுந்தும் பயறும். வாய்க்காலின் கடைசி வயல்காரருக்குத்தான் முதல் தண்ணீர், இதில் எவருக்கும் விலக்கு இல்லை, சபைத் தலைவரின் வயலுக்கும்தான்.

துருசடியில் அடிக்கணக்குக் கீறிய கம்பம் நட்டிருக்கிறோம். இந்தக் கிழமை நாலடி நிற்கிறது, மழை இன்னும் பத்தாது. எட்டடி வந்தால்தான் சிறுபோகக் கூட்டம் கூடும். வரவு செலவு முழுவதும் பற்றுச்சீட்டுகளோடு மடப்பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறது, வந்து பாருங்கள், பிழை கண்டால் சொல்லுங்கள்.