தொட்டியில் புழு

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. அங்கே அமெரிக்காவில் நீ பாடம் எடுக்கும் வகுப்பில் ஒரு பையன் நோட்டில் துப்பாக்கி வரைந்து, கீழே கூடப் படிக்கிறவன் பெயரை எழுதியிருக்கிறான். அதே வாரம், பாத்ரூம் போகும் நேரத்தைக் குறைத்ததை எதிர்த்து நாலு பெண்கள் கையில் கறுப்பு ரிப்பன் கட்டி வந்திருக்கிறார்கள். இரண்டையும் "பாதுகாப்புப் பிரச்சினை" என்றே எழுதித் தரச் சொல்கிறதாம் உங்கள் பள்ளி மேலிடம்.

பையன் விஷயத்தில் நீ உடனே மேலிடத்தில் சொன்னது சரி. பெயர் எழுதியிருக்கிறானே, அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? 2018-ல் ஃப்ளோரிடாவில் பார்க்லாந்து பள்ளியில் 17 பேரைச் சுட்டுக் கொன்றவனைப் பற்றி முந்தின மாதமே எப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போன் வந்தது. கேட்டவர்கள் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஆனால் சொன்னதோடு விட்டுவிடாதே அம்மா. அந்தப் பையனுக்கு என்ன நடந்தது என்று யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பெண்கள் விஷயம் வேறு. உங்கள் ஊர்ச் சட்டமே அவர்கள் பக்கம்தான். 1965-ல் அயோவா மாநிலத்து டெ மாயின் நகரில் மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுப் பெண், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிப் போனாள். சஸ்பெண்ட் செய்தார்கள். 1969-ல் உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று ஜெயித்தாள். ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மட்டும் போதாது, பாடம் நிஜமாகவே கெடும் என்று பள்ளி காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. உன்னுடையது அரசுப் பள்ளி, அது உங்களுக்கும் பொருந்தும்.

இதை நான் தீர்ப்பைப் படித்துக் கற்கவில்லை. நான் வாத்தியாராக இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினான். "தொட்டித் தண்ணீரில் புழு. சார்கள் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறார்கள்." என் மேஜையில் என் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒழுங்கு கெட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டு, காலை வழிபாட்டில் எல்லோர் முன்னாலும் அவனை முட்டிபோட வைத்தேன். சாயங்காலம் மனசு கேட்காமல் மாடியேறித் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தேன். புழு நெளிந்தது. தொட்டியைக் கழுவ வைத்தேன், ஆனால் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பத்தாவது முடிக்கும்வரை அவன் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை.

உன்னை எழுதித் தரச் சொன்னதில் அந்தப் பெண்கள் பெயரை எழுதாதே. மேலிடம் கோபித்தால் கோபிக்கட்டும். நாளைக்கே அவர்களைக் கூப்பிட்டு, பாத்ரூம் போக எத்தனை நிமிஷம் தருகிறார்கள் என்று முதலில் கேள். அவர்கள் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா