அன்லாக் செய்வதற்கு முன்பே பேக்கப் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அப்டேட் நின்றுபோன ஆண்ட்ராய்டு போன்களில் கஸ்டம் ரிக்கவரி (போனின் மென்பொருளை மாற்றவும் பேக்கப் எடுக்கவும் உதவும் தனி மென்பொருள்) போட்டு, அவற்றை இன்னும் சில வருடம் ஓட்டுவது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படியொரு விஷயத்தைத் தமிழ் நாளிதழ் எடுத்துப் பேசியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் நான்காவது படியாக வந்த ஒரு வரியைப் படித்ததும் பதறிவிட்டேன். "ரிக்கவரி நிறுவியதும் முதல் வேலையாக முழு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆலோசனை சரியானதுதான். அதை நம்பி அதுவரை காத்திருப்பவருக்குத்தான் ஆபத்து. நான்காவது படிக்கு வந்து சேரும்போது, பேக்கப் எடுக்க போனில் அவருடையது என்று எதுவும் மிச்சமிருக்காது.

கஸ்டம் ரிக்கவரி போடுவதற்கு முன்னால் பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று முடிவு செய்யும் பகுதியை, அன்லாக் செய்தாக வேண்டும். அன்லாக் செய்த அந்த நொடியே போன் தன்னிடமுள்ள பயனர் தரவு முழுவதையும் அழித்துவிடும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இல்லையென்றால் போனைத் திருடியவர் பூட்லோடரைத் திறந்து தனக்கு வேண்டிய மென்பொருளை ஏற்றி, நம் படங்களையும் செய்திகளையும் எடுத்துக்கொள்வார். நியாயமான பாதுகாப்புதான். கட்டுரையின் இரண்டாவது படியில் "பூட்லோடரை அன்லாக் செய்யவும்" என்ற மூன்றே சொற்கள் இருந்தன. அழியும் என்ற எச்சரிக்கை இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். கணக்கெழுதுவது என் தொழில். போன்களில் ரோம், அதாவது இயங்குதளம், மாற்றுவது பல வருடப் பழக்கம். அப்பாவுக்குச் சர்க்கரை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை என்று தன் அளவுகளை ஒரு சிறிய செயலியில் மூன்று வருடம் விடாமல் பதிந்துவந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். அந்தச் செயலி எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே வைத்திருந்தது. கிளவுட் எதிலும் ஏற்றவில்லை. அவருடைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனதால் லினேஜ் ஓஎஸ் என்ற இலவச ஆண்ட்ராய்டு ரோம் போட்டுத் தருவதாக நான்தான் சொன்னேன்.

செட்டிங்ஸில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரவழைத்து, பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓஈஎம் அன்லாக்கிங்கை ஆன் செய்தேன். யூஎஸ்பி கேபிள் செருகி, படங்கள், ஆவணங்கள், டவுன்லோட்ஸ் என்று கண்ணில் பட்ட ஃபோல்டர்களையெல்லாம் கணினிக்கு இழுத்து வைத்தேன். பிறகு போனை ஃபாஸ்ட்பூட்டுக்கு (கணினியிலிருந்து கட்டளை வாங்கும் நிலை) கொண்டுபோய் அன்லாக் கட்டளை கொடுத்தேன். திரையில் தரவு எல்லாம் அழியும் என்ற எச்சரிக்கை வந்தது. படித்தேன். எல்லாம்தான் கணினியில் இருக்கிறதே என்று வால்யூம் பட்டனால் "ஆம்" என்ற வரிக்கு நகர்ந்து பவர் பட்டனை அழுத்தினேன். சில நொடிகளில் போன் மறுபடி எழுந்து, கடையில் வாங்கிய அன்று போல மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அடுத்த வாரம் மருத்துவர் முன் உட்கார்ந்து அப்பா செயலியைத் திறந்தபோது, பதிவுகள் இருந்த இடத்தில் ஒரு கூட்டல் குறி மட்டும் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. போனைத் திருப்பி என் பக்கம் காட்டினார், அவ்வளவுதான்.

கேபிள் வழியே கணினிக்குத் தெரிவது பொதுச் சேமிப்பு மட்டுமே. ஒவ்வொரு செயலியும் தன் சொந்தத் தரவை வைத்திருக்கும் இடம் நமக்குத் திறக்காது; ரூட் (முழு நிர்வாக உரிமை) இல்லாத போனில் கணினியிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. கணினியிலிருந்து கட்டளை கொடுத்து எடுக்கும் ஏடிபி பேக்கப் என்று முன்பு ஒரு வழி இருந்தது. ஆண்ட்ராய்டு 12-ஐ இலக்காகக் கொண்டு வந்த செயலிகளின் தரவை அது எடுப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு செயலிக்குள்ளும் போய் எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறதா என்று தேடி, கோப்பாக எடுத்து, போனுக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான எண்களைத் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலிகளை இதில் முதலில் கவனியுங்கள். அவற்றின் தரவு அழிந்தால் மின்னஞ்சலுக்குள்கூட நுழைய முடியாமல் நிற்க நேரிடும். அப்பாவின் செயலியில் எக்ஸ்போர்ட் பட்டன் இருந்தது. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

ரிக்கவரியில் எடுக்கும் பேக்கப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலோர் பயன்படுத்தும் கஸ்டம் ரிக்கவரியான டிடபிள்யூஆர்பி, "டேட்டா" என்று டிக் செய்தாலும் படங்களும் வீடியோக்களும் உள்ள உள் சேமிப்பை அந்த பேக்கப்பில் சேர்ப்பதில்லை. மெமரி கார்டோ பென் டிரைவோ செருகி அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், எடுத்த பேக்கப்பையும் அதே உள் சேமிப்பில்தான் வைக்கும். பிறகு புது ரோமுக்காக "ஃபார்மேட் டேட்டா" கொடுத்து, அது கேட்டபடி "யெஸ்" என்று தட்டினால் பேக்கப்பும் சேர்ந்து போய்விடும். அந்தத் தவறை நான் செய்ததில்லை. செய்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அந்த பேக்கப்பில் விட்டுவிடக் கூடாதது ஈஎஃப்எஸ் என்ற சேமிப்புப் பகுதி. சில எம்பி அளவுதான். போனின் ஐஎம்இஐ எண்ணும் நெட்வொர்க் தொடர்பான தகவலும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. அது கெட்டால் சிம் போட்டாலும் சிக்னல் வராது, இன்னொரு போனிலிருந்து எடுத்து ஒட்டவும் முடியாது. ரிக்கவரி உள்ளே வந்ததும் அதை எடுத்துக் கணினியில் போட்டுவிடுங்கள்.

கட்டுரை "அன்அஃபிஷியல்" என்ற சொல்லை ஓர் அடைமொழி போலச் சொல்லிக் கடந்துவிட்டது. டிடபிள்யூஆர்பியின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லாத போன்களுக்கு, அந்த போனை வைத்திருக்கும் யாரோ ஒருவர் மூல நிரலை எடுத்துத் தன் மாடலுக்கு ஏற்பக் கட்டி வெளியிடுவதுதான் அது. காசு வாங்காமல் இரவெல்லாம் உட்கார்ந்து செய்பவர்கள். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் சோதித்தது அவர் கையிலுள்ள போனில். ஒரே பெயரில் விற்கும் போன்களில்கூட வெவ்வேறு தயாரிப்பாளரின் திரைகள் இருக்கும். அப்பாவின் போனில் நான் ஏற்றிய ரிக்கவரி அழகாக வந்து நின்றது, தொடுதிரை மட்டும் வேலை செய்யவில்லை. ஓடிஜி இணைப்பியில் கணினி மவுஸைச் செருகி, திரையில் வந்த சின்ன அம்புக்குறியால் ஸ்வைப் பட்டையை இழுத்துத்தான் வேலையை முடித்தேன். வேறு சில ரிக்கவரிகள் சரியான பின் எண் கொடுத்தாலும் தரவைப் பூட்டி வைக்கும் என்க்ரிப்ஷனைத் திறக்கத் தெரியாமல் நிற்கும். ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் அர்த்தமில்லாத எழுத்துகளாகத் தெரியும். தரவு கெட்டுவிட்டது என்று பதறி அங்கேயே ஃபார்மேட் கொடுத்துவிடாதீர்கள். ரீபூட் செய்தால் போன் வழக்கம்போல் திறக்கும், எல்லாம் இருக்கும்.

அதனால்தான், எடுத்தவுடன் ஃபிளாஷ் செய்யாதீர்கள், அதாவது ரிக்கவரியைப் போனில் நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள் என்கிறேன். பல போன்களில் "ஃபாஸ்ட்பூட் பூட்" கட்டளையோடு ரிக்கவரியின் இமேஜ் கோப்பின் பெயரைக் கொடுத்தால், போனில் எதையும் எழுதாமல் அந்த ஒரு முறைக்கு மட்டும் ரிக்கவரி ஏறி வரும். தொடுதிரை வேலை செய்கிறதா, சேமிப்பு சரியான அளவு காட்டுகிறதா, கணினி போனை அடையாளம் காண்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் ரீபூட் செய்தால் பழையபடி. எல்லாத் தயாரிப்பாளரும் இந்தக் கட்டளையை அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் போனில் இதைத் தவிர்க்க ஒரு காரணமும் இல்லை. கட்டுரை தந்திருந்த "ஃபிளாஷ் ரிக்கவரி" கட்டளை எல்லா போனுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏ/பி முறையில் (மென்பொருளுக்கு இரண்டு இடங்களை வைத்திருக்கும் முறை) வந்த பல போன்களில் ரிக்கவரிக்கென்று தனிப் பார்ட்டிஷனே (சேமிப்புப் பிரிவு) கிடையாது; அது போனை எழுப்பும் பூட் இமேஜுக்குள் இருக்கும்.

பதிவிறக்கும் கோப்பு உங்கள் போன் மாடலுக்கு உள்ளே வைத்திருக்கும் பெயரான கோட்நேமுக்கு உரியதா என்று பாருங்கள், விற்பனைப் பெயர் போதாது. கட்டியவர், கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ-256 எண் கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். ரிக்கவரி என்பது போனின் எந்த மூலைக்கும் போகக்கூடிய மென்பொருள். யாரோ மறுபடி ஏற்றிவைத்த கோப்பை நம்பி அதில் பின் எண்ணை அடிக்கக் கூடாது.

திரும்பி வர முடியாத விஷயங்களும் உண்டு. சாம்சங் போனில் கஸ்டம் ரிக்கவரி போட்டால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அடையாளம் 0-இலிருந்து 1 ஆகிவிடும். பழைய ரோமையே திரும்பப் போட்டாலும் அது 0 ஆகாது, செக்யூர் ஃபோல்டர் அதன்பின் இயங்காது. வங்கிச் செயலிகள் சில, பூட்லோடர் திறந்த போனில் வேலை செய்ய மறுக்கும். அதைப் பார்த்துவிட்டு, கஸ்டம் ரிக்கவரி உள்ளே இருக்கும்போதே பூட்லோடரைத் திரும்ப லாக் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். போன் எழவே எழாமல் போகலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் இந்த வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடக் கூடாது. அப்பாவின் போன் இன்றும் நன்றாக ஓடுகிறது, மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. நல்ல நிலையில் உள்ள ஒரு போனை மென்பொருள் நின்றுவிட்டது என்பதற்காகத் தூக்கிப்போட என்னால் முடியாது.

வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். நான்காவது படியை நீக்க வேண்டாம். இரண்டாவது படிக்கு முன்னால் இதைச் சேருங்கள்: "பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ள அனைத்தும் அழியும். செயலிகளுக்குள் இருக்கும் தரவு கணினிக்குத் தானாக வராது. ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் செய்து வெளியே எடுத்து வைத்த பிறகே தொடங்கவும்." கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் செய்யலாம் என்று காத்திருப்பவர்கள் இருப்பார்கள். அதற்குள் இது அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்