கை அசையாத குழந்தையை மூன்றாம் மாதமே கீழே கோவைக்கு அனுப்புங்கள்

நீலகிரி மாவட்டச் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் அக்காக்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். என் தங்கை மகன் பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்டது. கழுத்தோரம் நரம்பு இழுபட்டு வலது கை துவண்டு கிடந்தது. "தானா சரியாயிடும், எண்ணெய் தேச்சு விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேய்த்தோம். எட்டாவது மாதம் கோயம்புத்தூரில் காட்டியபோதுதான், மூன்றாவது மாதமே வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. இப்போது அவனுக்கு ஏழு வயது. அந்தக் கை தலைக்கு மேலே போகாது.

அவர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். நரம்பு அறுந்துபோன சிலரை அவர்களுக்குள் கண்டுபிடிப்பதுதான் காரியம்.

ஏன் காத்திருக்கக் கூடாது? நம் தோட்டத்தையே பாருங்கள். முற்றிய தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டினால் துளிர்க்கிறது. இளம் நாற்றை அப்படி வெட்டினால் தாங்காமல் போகலாம். நரம்பணுவும் ஏறக்குறைய அப்படித்தான். வளர்ந்த நரம்பணுவின் நீண்ட இழை அறுந்தால், இழையைத் தடிமனாக்கும் நியூரோஃபிலமென்ட் புரதத்தை அது குறைத்துக்கொள்கிறது. டியூபுலின், ஆக்டின், ஜிஏபி-43 ஆகிய, இழை வளர உதவும் புரதங்களைக் கூட்டி, இழையை மறுபடி நீட்டப் பார்க்கிறது. தசையைப் போய்ச் சேர்ந்த பிறகு நியூரோஃபிலமென்ட் திரும்ப ஏறும்.

வளரும் நரம்பணுவோ இந்த நியூரோஃபிலமென்ட் சட்டகத்தையே இன்னும் கட்டி முடிக்கவில்லை. எலிகளில், கனமான வகை நியூரோஃபிலமென்ட் பெருகுவதே பிறந்த பிறகுதான். அந்த வயதில் உயிர் பிழைக்கவே நரம்பணு தசையிலிருந்து வரும் சத்துப் புரதங்களை நம்பியிருக்கிறது. பிறந்த சில நாளில் எலிக்குஞ்சின் கால் நரம்பை அறுத்தால், தண்டுவடத்தில் அந்தக் காலுக்கான இயக்க நரம்பணுக்களில் பெரும்பகுதி செத்துவிடும். வளர்ந்த எலியில் பெரும்பாலானவை தாங்கும். மனிதக் குழந்தைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, ஆனால் திசை புரிகிறது அல்லவா? அதோடு, மீளும் நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும். தசை அவ்வளவு காலம் பொறுக்காது, சூம்பிவிடும்.

கையை மெல்ல அசைத்து விட்டால் மூட்டு இறுகாமல் இருக்கும், சரி. அறுந்த நரம்பை அது ஒட்டாது.

நான் கேட்பது புதிய கருவியோ பணமோ அல்ல. பிறந்த அன்றே இரண்டு கையும் ஒன்றுபோல அசைகிறதா என்று பார்த்து, தாய் சேய் அட்டையில் எழுதுங்கள். 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் குழந்தை உங்களிடம் வருகிறது. அப்போதெல்லாம் முழங்கையை மடக்குகிறதா என்று பாருங்கள். மூன்று மாதமாகியும் மடக்கவில்லை என்றால், எண்ணெய்ப் பேச்சு வேண்டாம், அன்றைக்கே நிபுணருக்குச் சீட்டு எழுதிக்கொடுங்கள். கைக்குழந்தையோடு மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போய்வரத் தோட்டத்தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். போகச் சொல்லி நீங்கள் அழுத்திச் சொன்னால்தான் அவர் போவார்.

அன்புடன்,
அந்தப் பையனின் பெரியம்மா,
கோத்தகிரி