எட்டும் இரவும்

பாசல், ஸ்விட்சர்லாந்து
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். குளிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கருப்பட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது, அம்மாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பற்றி எழுத வேண்டும். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும். ஐரோப்பிய மொழிகளில் எட்டுக்கு முன்னால் 'ந்' சேர்த்தால் இரவு வந்துவிடுகிறது, அதில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள். சொற்கள் என்னவோ சரிதான். ஆங்கிலத்தில் எயிட், நைட். இத்தாலியனில் ஒத்தோ, நொத்தே. ஸ்பானிஷில் ஒச்சோ, நொச்சே. இங்கே ஜெர்மனில் அஹ்ட், நஹ்ட். எங்கள் தெரு வழியாகப் போகும் டிராமும் எட்டாம் நம்பர்தான். 2014 முதல் எல்லை தாண்டி ஜெர்மனியின் வைல் ஊர் வரை போகிறது. அரிசி, பருப்பு விலை அங்கே குறைவு.

அஹ்ட், நஹ்ட்டில் வரும் அந்த 'ஹ்' எனக்கு மாதக்கணக்கில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் என் வார்டில் இருந்த ஒரு பாட்டிதான் என் விரலைத் தன் கழுத்தில் வைத்து, "அஹ்ட்... நஹ்ட்" என்று மெதுவாகச் சொல்லிக் காட்டினார். 'அஃது' என்பதில் வரும் ஆய்தத்தை இன்னும் தொண்டை அடியிலிருந்து எடுத்தால் அதுதான். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அந்த ஒலி இருந்தது. வாய் விட்டுவிட்டது, எழுத்தில் மட்டும் 'gh' என்று நிற்கிறது.

ரகசியம் ஒன்றும் இல்லை அப்பா. லத்தீனில் எட்டு 'ஒக்தோ', இரவுக்கு வேர் 'நொக்த்'. இரண்டிலும் 'க்த்' இருப்பதால், இத்தாலியன் அதை 'த்த்' ஆக்கியபோது இரண்டும் சேர்ந்தே மாறின. ஸ்பானிஷில் 'ச்ச்' ஆனதும் அப்படித்தான். நம் ஊர்ப் பேச்சில் மழை மளை ஆகிறது, கிழவி கிளவி ஆகிறாள். அதனால் மழைக்கும் கிழவிக்கும் உறவு வந்துவிடுமா? இந்த ஐரோப்பிய மொழிகளின் குடும்பத்தையே சேர்ந்த சமஸ்கிருதத்தைப் பாருங்கள்: எட்டு 'அஷ்ட', இரவு 'நக்தம்'. 'ந்' சேர்த்தால் பொருந்தவில்லை. அந்தக் குடும்பத்தின் பழைய மூல மொழியில் அந்த இரண்டு 'க'வும் வெவ்வேறு ஒலிகள். ஐரோப்பாவின் மேற்குப் பக்கம் அவை ஒன்றாகிவிட்டன, சமஸ்கிருதம் வித்தியாசத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ரஷ்ய மொழியிலும் அப்படியே: வோசெம், நோச்.

அப்புறம், 'எட்டு'தான் 'எயிட்' ஆனது என்று பெரியப்பா போட்டிருந்தாரே, அதைப் படித்தபோதுதான் மனசு கேட்கவில்லை. தமிழில் எட்டுக்கு வேர் 'எண்'. எண்பது, எண்ணூறு, எண்திசை எல்லாவற்றிலும் அது அப்படியே இருக்கிறது. கன்னடத்தில் எண்ட்டு, தெலுங்கில் எனிமிதி. ஆங்கிலச் சொல்லோ பழைய காலத்தில் 'எயஹ்தா'. பின்னால் போகப் போக இரண்டும் விலகித்தான் போகின்றன. அந்த 'எண்'ணை விட்டுவிட்டு வெறும் ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டால் நமக்குத்தான் நஷ்டம்.

சின்ன வயதில் என்னை சைக்கிளில் உட்காரவைத்து இடையன்குடிக்குக் கூட்டிப்போய் கால்டுவெல் வீட்டைக் காட்டினீர்களே. 1856இல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் ஒற்றைச் சொல்லை வைத்து உறவு சொல்லவில்லை. எண்கள், நான் நீ போன்ற சொற்கள், வேற்றுமை உருபுகள் என்று வரிசையாக வைத்துப் பார்த்துத்தான் சொன்னது. பெரியப்பாவிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், நான் சொன்னால் வருத்தப்படுவார்.

நேற்று இரவுப் பணி முடிந்து வந்ததும் எழுத உட்கார்ந்தேன், இப்போது கண் சொருகுகிறது. ஆச்சியின் கண் ஆபரேஷன் தேதி முடிவானதா? உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்