அந்தத் தலைமையாசிரியரை முதல் காட்சியிலேயே காட்டிக்கொடுக்காதீர்கள்

கோதிக் திகில் தொடர்களை, அதாவது பழைய மாளிகையும் சாபமும் இருளும் நிறைந்த திகில் கதைகளை எழுதுகிறவர்களுக்கும் இயக்குகிறவர்களுக்கும்,

வணக்கம். ரத்தக்காட்டேரியைவிட, ஓநாய் மனிதனைவிட எங்களை நடுங்கவைப்பவர் கையில் வேதப் புத்தகத்தோடு வருகிறவர்தான். போதகர், விடுதிப் பள்ளித் தலைவர், மருத்துவர், யாராகவும் இருக்கட்டும். அவரை நீங்கள் அவசரத்தில் வீணடிக்கிறீர்கள் என்பதே எங்கள் வருத்தம்.

1966 முதல் 1971 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஓடிய ‘டார்க் ஷாடோஸ்’ தொடரில், 1897-இல் நடக்கும் கதைப் பகுதியைப் பாருங்கள். ஜெர்ரி லேசி நடித்த கிரிகரி ட்ராஸ்க் ஒரு போதகர். வொர்திங்டன் ஹால் என்ற பள்ளியை நடத்துகிறவர். மனைவியின் சாவுக்கு வழிசெய்துவிட்டுப் பணக்காரப் பெண்ணை மணக்கிறார். வாயைத் திறந்தாலோ பாவம், ஒழுக்கம், மன்னிப்பு! சூனியமும் சாபமும் நிறைந்த கதைதான் அது. ஆனாலும் பிள்ளைகளை ஒடுக்க அவருக்குப் பதவியே போதுமானதாக இருந்தது.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். இப்படிப்பட்டவரை முகத்துக்குக் கீழிருந்து விளக்கடித்துக் காட்டினால் கதை அங்கேயே முடிந்தது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள் சிவப்பு, கூடினால் வெண்மை. மெழுகுவர்த்திச் சுடரின் நிறம் ஏறக்குறைய 1,900 கெல்வின், பகல் வெளிச்சம் 5,600-ஐ ஒட்டி. அவருடைய அறைக்குப் பகல் வெளிச்சத்தைக் கொடுங்கள். பெற்றோர் வந்து உட்காரும் இடம் அது. மெழுகுவர்த்தி பிள்ளைகள் தூங்கும் கூடத்தில் மட்டும் எரியட்டும்.

கொடுமையைக் காட்டப் பிரம்பு வேண்டியதில்லை. வீட்டுக்குக் கடிதம் எழுதும் வேளை ஒன்று போதும். ‘இங்கே குளிர் தாங்கவில்லை’ என்று ஒரு பையன் எழுதுகிறான். அவர் அதட்டுவதில்லை. “கையெழுத்து சரியில்லையே, திருப்பி எழுது கண்ணா” என்று புதுத் தாளை வைக்கிறார். இரண்டாவது தாளிலும் குளிர் இருக்கிறது. மறுபடி ஒரு தாள். மூன்றாவதில் அந்த வரி இல்லை. கையெழுத்து பிரமாதம் என்கிறார். கேமராவைப் பையனின் கண் மட்டத்தில் வையுங்கள். அவருடைய கை, கடிகாரச் சங்கிலி, மை உறிஞ்சும் தாள் மட்டும் தெரிந்தால் போதும். பின்னணி இசை வேண்டவே வேண்டாம், பேனா முள் கீறும் சத்தம் கேட்கவேண்டும். அங்கே வயலினை இழுத்தால் பார்ப்பவரின் பயத்தை நீங்களே பட்டுவிடுகிறீர்கள்.

உங்கள் தொடர்களின் கடைசிப் பகுதியில்தான் பெரிய பிழை நடக்கிறது. ஒரு சாட்சி பேசியதும் ஊரே அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. இங்கிலாந்தில் அன்றைய யார்க்ஷயரின் போஸ் என்ற ஊரில் பள்ளி நடத்திய வில்லியம் ஷா மீது, அவருடைய அலட்சியத்தால் பிள்ளைகளின் கண் பார்வை போனதாக 1823-இல் வழக்கு நடந்தது. தோற்றார், நஷ்டஈடு கட்டினார், பிறகும் பள்ளியை நடத்தினார். பிள்ளைகளை அனுப்பவும் ஆட்கள் இருந்தார்கள்.

உங்கள் தலைமையாசிரியரைப் பேய் பிடித்தவராக்கித் தப்பவிடுவது அதைவிட மோசம். செய்ததெல்லாம் பேயின் கணக்கில் போய்விடும். அவருக்கு நற்சான்று கொடுத்த பள்ளி அறங்காவலர்களும் கைகழுவிக்கொள்வார்கள்.

பையன் எழுதிய அந்த முதல் இரண்டு தாள்களையும் படப்பிடிப்பின் கலைத்துறையிடம் சொல்லிப் பத்திரப்படுத்துங்கள். அதே மை, அதே கையெழுத்து. பல பகுதிகள் கழித்து அவை தாயின் கைக்கு வரவேண்டும், மூன்றாவது கடிதம் ஏற்கெனவே அவள் பெட்டியில் இருக்கும்போது.